பிசி கேமிங்குக்கு வயர் கன்ட்ரோலரா, வயர்லெஸ்ஸா? சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிசியில் ஆட முதல்முறையாகக் கன்ட்ரோலர் வாங்குகிறவர்களும், பழையது பழுதாகி அடுத்ததைத் தேடுகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் சென்னை வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. சுவரோடு சுவர் ஒட்டிய அபார்ட்மென்ட், ஹாலில் டிவி, படுக்கையறை மூலையில் மேசை, மார்ச் மாதமே வியர்க்கத் தொடங்கும் கை. எந்தக் கன்ட்ரோலர் நமக்கு ஒத்துவரும் என்பதை இவையெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

மேசை முன்னால் உட்கார்ந்து ஆடுவீர்கள், பட்ஜெட் இரண்டாயிரம் ரூபாய்க்குள் என்றால் வயர் உள்ளதையே வாங்குங்கள். சோபாவிலோ கட்டிலிலோ உட்கார்ந்து ஆடுவீர்கள் என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (பிசியில் செருகும் குட்டி யூஎஸ்பி ரிசீவர்) வருகிற, யூஎஸ்பி-சி வயர் செருகியும் ஆட முடிகிற வயர்லெஸ் கன்ட்ரோலரை எடுங்கள். ப்ளூடூத் மட்டுமே உள்ள கன்ட்ரோலர் என் பட்டியலில் கடைசி.

வேகம், லேக் (பட்டனை அழுத்துவதற்கும் அது திரையில் நடப்பதற்கும் இடையே ஆகும் தாமதம்) என்று யூட்யூபில் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் வாங்கிய பிறகு ஒருவர் சந்தோஷமாக ஆடுகிறாரா இல்லையா என்பதை முடிவு செய்வது, அவர் எங்கே உட்காருகிறார் என்பதும் கன்ட்ரோலரின் ஸ்டிக் (கட்டைவிரலால் நகர்த்தும் குமிழ்) எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதும்தான். என் அனுபவத்தில் இதற்கு விதிவிலக்கு மிகக் குறைவு.

வயர்லெஸ் என்றாலே ப்ளூடூத் தானே?

இல்லை, பலர் தடுமாறும் இடம் இது. பிசிக்கு வரும் வயர்லெஸ் கன்ட்ரோலர்களில் மூன்று வகை உண்டு.

முதலாவது ப்ளூடூத். லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோனியின் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களான டூயல்சென்ஸ், டூயல்ஷாக் 4, இப்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், நின்டெண்டோவின் ப்ரோ கன்ட்ரோலர் எல்லாமே ப்ளூடூத்தில் சேரும்.

இரண்டாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். கன்ட்ரோலரோடு பெட்டியிலேயே ஒரு குட்டி யூஎஸ்பி ரிசீவர் வரும். செருகினால் போதும், பேரிங் (கன்ட்ரோலரையும் பிசியையும் ஒன்றோடொன்று சேர்ப்பது) என்ற தலைவலி பெரும்பாலும் இருக்காது. லாஜிடெக் எஃப்710, 8பிட்டூ, கேம்சர், நம் ஊர் பிராண்டுகளான காஸ்மிக் பைட், ரெட்கியர் ஆகியவற்றின் வயர்லெஸ் மாடல்கள் பலவும் இந்த வகை. அந்தக் கன்ட்ரோலருக்கென்றே அந்த டாங்கிள் வருவதால், தொலைந்தால் தனியாக வாங்குவது கடினம். லேப்டாப்பில் செருகி பையில் போட்டு எடுத்துச் செல்கிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்டின் சொந்த முறையான எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ். இதற்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். ஒரே அடாப்டரில் எட்டு கன்ட்ரோலர் வரை சேர்க்கலாம், இணைப்பும் நன்றாக நிற்கும். ஒரு ஆள் ஆட அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

கடையில் பெட்டியின் மேல் ‘வயர்லெஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பணத்தை எடுக்காதீர்கள். உள்ளே டாங்கிள் இருக்கிறதா, ப்ளூடூத் மட்டும்தானா என்று கேளுங்கள்.

வயர்லெஸ்ஸில் லேக் இருக்குமா?

இருக்கும். எவ்வளவு என்பதுதான் விஷயம்.

நீங்கள் பட்டனை அழுத்தியதும் முதலில் கன்ட்ரோலர் அதைக் கவனித்து பிசிக்கு அனுப்புகிறது. பிசி அதை வாங்கிக்கொள்கிறது. அப்புறம் கேம் அடுத்த ஃப்ரேமை (திரையில் வரும் ஒரு படத்தை) வரையும்போது அதைக் கணக்கில் எடுக்கிறது. கடைசியாக மானிட்டர் அந்த ஃப்ரேமைக் காட்டுகிறது. வயரா வயர்லெஸ்ஸா என்ற கேள்வி இதில் நடுவில் வரும் ஒரே ஒரு கட்டத்தை மட்டும்தான் தொடுகிறது.

வயரிலும் காத்திருப்பு உண்டு. யூஎஸ்பியில் பிசிதான் கன்ட்ரோலரைக் குறிப்பிட்ட இடைவெளியில் ‘ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்கிறது. நொடிக்கு 125 முறை கேட்டால் இடைவெளி 8 மில்லிசெகண்ட். நொடிக்கு 1000 முறை கேட்டால் 1 மில்லிசெகண்ட். அதாவது 125 ஹெர்ட்ஸில் ஓடும் மலிவான வயர் கன்ட்ரோலரை, 1000 ஹெர்ட்ஸ் டாங்கிளோடு வரும் நல்ல வயர்லெஸ் முந்திவிட வாய்ப்பு உண்டு. ‘வயர் என்றாலே வேகம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

நல்ல 2.4 டாங்கிளுக்கும் வயருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் உணர்வது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். ப்ளூடூத்தில் கூடுதலாகச் சில மில்லிசெகண்ட் ஆகும். அதைவிட முக்கியம், அந்தத் தாமதம் சீராக இருக்காது. ஒரு முறை சட்டென்று போகும், அடுத்த முறை தயங்கும். கைக்குப் பழகாமல் போவது இந்த ஏற்ற இறக்கம்தான். தாமதம் ஒரே மாதிரி இருந்தால் மூளை அதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

இப்போது மற்ற கட்டங்களைப் பாருங்கள். நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட். கேம் மோட் போடாத டிவி, படத்தை மெருகேற்றுகிறேன் என்று 50 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்வது சாதாரணம். ஆன்லைனில் சிங்கப்பூர் சர்வரில் ஆடினால், சென்னையிலிருந்து பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) மட்டுமே 30, 40 மில்லிசெகண்ட் காட்டும். ஆகவே ‘கன்ட்ரோலர் லேக் அடிக்கிறது’ என்று புதிதாக ஒன்று வாங்கக் கிளம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். டிவியில் கேம் மோட் போட்டிருக்கிறீர்களா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கிலும் 144 தேர்வாகியிருக்கிறதா? (பலர் வீட்டில் அது 60-லேயே நிற்கிறது.) கேமில் வி-சிங்க் (ஃப்ரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) தேவையில்லாமல் ஓடுகிறதா? இவற்றில் கிடைக்கும் லாபம் வயர் செருகுவதால் கிடைப்பதைவிடப் பெரிது, செலவும் இல்லை.

அப்படியானால் எந்த கேமுக்கு வயர் உண்மையிலேயே அவசியம்?

டெக்கன் 8, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 மாதிரி சண்டை கேம்கள், தாளத்துக்கு அழுத்தும் ரிதம் கேம்கள். ராக்கெட் லீக்கைத் தீவிரமாக ஆடுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபுட்பால், கார் ரேஸ், கதையோடு போகும் கேம்கள் எல்லாம் டாங்கிளில் தாராளமாக ஓடும், நிதானமான கேம் என்றால் ப்ளூடூத்தே போதும்.

வாலரண்ட் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பிசி பதிப்பில் கன்ட்ரோலர் வேலை செய்யாது. கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கும் மவுஸ்தான் பொருத்தம். அந்த இரண்டை மட்டும் ஆடுகிற பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கன்ட்ரோலர் வாங்கிக்கொடுத்து, அது அலமாரியில் கிடக்கிற வீடுகள் உண்டு. முதலில் அவன் என்ன ஆடுகிறான் என்று கேளுங்கள்.

ப்ளூடூத் கன்ட்ரோலர் அடிக்கடி விட்டு விட்டு வேலை செய்கிறது. ஏன்?

ப்ளூடூத்தும், 2.4 டாங்கிளும், பழைய வைஃபையும், வயர்லெஸ் மவுஸும், அடுப்படியில் இருக்கும் மைக்ரோவேவும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அவ்வளவுதான் இடம். அதில் ஒன்றோடு ஒன்று மோதாத வைஃபை சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11.

வேளச்சேரியிலோ பெரும்பாக்கத்திலோ ஓர் அபார்ட்மென்ட்டில் நின்று ஃபோனில் வைஃபை பட்டியலைத் திறந்தால், மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாம் வரிசையாக வரும். அத்தனை ரௌட்டரும் அந்த மூன்று சேனலுக்குள்தான் இடம் தேடுகின்றன. மாலை ஏழு மணிக்கு மேல் எல்லோரும் வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்க உட்காரும்போது நெருக்கடி உச்சத்துக்குப் போகும். பகலில் நன்றாக இருக்கும் கன்ட்ரோலர் ராத்திரி மட்டும் மக்கர் செய்கிறது என்று சொல்கிறவர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை.

ப்ளூடூத் இதைச் சமாளிக்கத் தாவித் தாவிப் போகும். வழக்கமான ப்ளூடூத் அந்த இடத்தை 79 சேனலாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை வரை சேனல் மாறும். நெரிசலான சேனலைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். ஆனாலும் தவிர்க்க இடமே இல்லாத அளவுக்கு நெரிசல் வந்தால் தகவல் தவறும், மறுபடி அனுப்ப வேண்டி வரும். அந்த நேரத்தில்தான் உங்கள் ஆள் ஓடிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டுகிறான்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் பிசியையும் டிவியையும் ஃபோன்களையும் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மாற்றுங்கள். இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் ரௌட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. அப்புறம், ரௌட்டருக்குப் பக்கத்திலேயே பிசி இருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டெஸ்க்டாப் மதர்போர்டோடு வந்த இரண்டு குட்டி ஆண்டெனாக்களைப் பின்னால் திருகிவிட்டீர்களா என்றும் பாருங்கள். ‘எனக்கு வைஃபை வேண்டாம், லேன் வயர் இருக்கிறது’ என்று அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். ப்ளூடூத்துக்கும் அதே ஆண்டெனாதான். அது இல்லாமல் ஆறடி தூரத்திலேயே இணைப்பு தடுமாறும்.

டாங்கிளை சிபியூவின் பின்னால் செருகலாமா?

முடிந்தவரை வேண்டாம். அங்கே இரண்டு பிரச்சினை. சிபியூ பெட்டி முழுக்க இரும்பு, அது சிக்னலை மறைக்கும். இரண்டாவது, யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும். இதை இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. உள்பக்கம் நீல நிறத்தில் இருக்கும் போர்ட்டைத் தவிர்த்து, கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். முன்பக்க போர்ட் இன்னும் நல்லது. எல்லாவற்றிலும் சிறந்தது, ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிளை மேசை மேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைப்பது. நூறு, நூற்றைம்பது ரூபாய் வயர். ‘இந்தக் கன்ட்ரோலர் சரியில்லை’ என்று திருப்பிக்கொடுக்க இருந்தவர்கள் பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

ப்ளூடூத் ஹெட்செட், ப்ளூடூத் கன்ட்ரோலர் இரண்டும் ஒன்றாகப் போடலாமா?

போடலாம், ஆனால் இரண்டும் ஒரே ரேடியோவைப் பங்குபோட்டுக்கொள்ளும். மைக்கும் சேர்த்துப் பேசினால் நெருக்கடி கூடும். ஒன்றை வயருக்கு மாற்றுங்கள். ஹெட்செட்டை மாற்றுவதே நல்லது, ஏனென்றால் ப்ளூடூத்தில் ஒலிக்கு ஆகும் தாமதம் கன்ட்ரோலருக்கு ஆவதைவிட மிக அதிகம்.

வயர் செருகினால் சார்ஜ் மட்டும் ஆகிறது, பிசி கன்ட்ரோலரைக் கண்டுகொள்ளவில்லையே?

வயரை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்க், டிரிம்மர், மலிவான இயர்பட்ஸ் போன்றவற்றோடு வரும் வயர்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான கம்பி மட்டுமே இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஃபோனை அந்த வயரில் பிசியோடு இணைத்துப் பாருங்கள். ஃபோட்டோக்களைப் பார்க்க முடிந்தால் அது டேட்டா வயர், கன்ட்ரோலருக்கும் வேலை செய்யும்.

இன்னொன்றும் உண்டு. சில வயர்லெஸ் மாடல்களில் வயர் உண்மையிலேயே சார்ஜுக்கு மட்டும்தான். பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலர் அப்படித்தான் இருந்தது. செகண்ட் ஹேண்டில் அதை வாங்கி, வயர் போட்டால் ஓடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

டூயல்சென்ஸ் வாங்கினால் வயர்லெஸ்ஸில் எல்லா வசதியும் பிசியில் கிடைக்குமா?

கிடைக்காது. வில்லை இழுக்கும்போது ட்ரிகர் (ஆள்காட்டி விரலால் அழுத்தும் பட்டன்) இறுகுவது, மணலில் நடந்தால் கையில் நுணுக்கமாக அதிர்வது, இவைதான் அந்தக் கன்ட்ரோலரின் சிறப்பே. பிசியில் இதை ஆதரிக்கும் கேம்கள் பலவற்றில் யூஎஸ்பி வயர் செருகினால்தான் அது முழுமையாக வரும். ப்ளூடூத்தில் சாதாரணக் கன்ட்ரோலராக வேலை செய்யும், அவ்வளவே. அந்த அனுபவத்துக்காகவே டூயல்சென்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் மூன்று மீட்டர் நல்ல யூஎஸ்பி-சி டேட்டா வயருக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் இப்படி ஒன்று உண்டு. அதில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் துளை ப்ளூடூத் இணைப்பில் வேலை செய்யாது. வயரிலோ எக்ஸ்பாக்ஸ் அடாப்டரிலோதான் ஒலி வரும்.

பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரை ஓஎல்எக்ஸில் பார்க்கிறவர்களுக்கு: 2013-ல் வந்த முதல் மாடலில் ப்ளூடூத்தே கிடையாது, 2016-ல் வந்த மாடலிலிருந்துதான் உண்டு. நடு எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், கன்ட்ரோலரின் முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் இருக்கிறது. மேலே உள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்த பளபளப்பான தனித் துண்டாக இருந்தால் இல்லை. விற்பவர் அனுப்பும் ஃபோட்டோவிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

ஏஏ பேட்டரியா, உள்ளேயே இருக்கும் பேட்டரியா?

என் ஓட்டு ஏஏ-வுக்கு. நம் ஊர் வெயில்தான் காரணம்.

உள்ளே வைத்து மூடிய லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, எப்போதும் முழு சார்ஜில் இருப்பது. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில், சார்ஜில் செருகியபடியே நாள் முழுக்கக் கிடக்கும் கன்ட்ரோலருக்கு இரண்டும் ஒருசேர நடக்கிறது. நாளாக ஆக பத்து மணி நேரம் வந்த இடத்தில் நாலு மணி நேரம்தான் வரும். அதை மாற்ற கன்ட்ரோலரைப் பிரித்தாக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ஏஏ போதும், 40 மணி நேரம் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் ஏஏ நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கிவிட்டால், இரண்டு ஓடும்போது இரண்டு சார்ஜில் இருக்கும். அவை 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட். அதனால் திரையில் பேட்டரி அளவு கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், பயப்பட வேண்டாம். அதே கன்ட்ரோலர் பேட்டரியே இல்லாமல் யூஎஸ்பி வயரிலும் ஓடும்.

உள்ளே பேட்டரி உள்ளதை வைத்திருந்தால், ஆடி முடித்ததும் சார்ஜ் போடுங்கள், நிறைந்ததும் எடுத்துவிடுங்கள். ஜன்னலோரம், செட்டாப் பாக்ஸ் மேல், காருக்குள் வைக்காதீர்கள். கன்ட்ரோலரின் மூட்டுப்பகுதி விரிந்தோ முதுகு உப்பியோ தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை வீட்டில் குத்திப் பிரிக்கவே கூடாது.

கரண்ட் போனால்?

டெஸ்க்டாப் என்றால் அதுவே அணைந்துவிடும், கன்ட்ரோலரில் சார்ஜ் இருந்து பயனில்லை. லேப்டாப்பில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். வயர் கன்ட்ரோலர் லேப்டாப்பிலிருந்து எடுக்கும் மின்சாரம் அற்பம். ஆனால் பேட்டரி காலியான டூயல்சென்ஸை லேப்டாப்பில் செருகினால், அது தன் பேட்டரியையும் நிரப்பிக்கொள்ளத் தொடங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் லேப்டாப்பின் கடைசி சார்ஜ் ஃபோனுக்குத்தான் போக வேண்டும்.

ஹாலில் டிவியோடு பிசியை இணைத்து ஆடுகிறேன். வயர் சரிப்படுமா?

அளந்து பாருங்கள். சோபாவுக்கும் டிவிக்கும் இடையே எட்டு முதல் பத்து அடி இருக்கும். வயர் அந்தரத்தில் போகாது, தரையில் வளைந்து போகும், ஆகவே மூன்று மீட்டர் வயரும் இழுபறிதான். நடுவில்தான் எல்லோரும் நடப்பார்கள். குழந்தையோ பாட்டியோ கால் தடுக்கி விழுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வயர் இழுபட்டால் கன்ட்ரோலரின் போர்ட் ஆடிப்போகும், லேப்டாப் என்றால் மேசையிலிருந்தே கீழே வரும். வயதானவர்கள் நடமாடும் வீட்டில் தரையில் வயர் போடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன். ஹாலுக்கு டாங்கிள் வயர்லெஸ்தான்.

கோடை விடுமுறையில் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். நாலு பேர் ஆட எப்படிச் சேர்ப்பது?

கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்க விண்டோஸ் தரும் எக்ஸ்இன்புட் முறையில் நான்கு கன்ட்ரோலர் வரை சேரும். நாலும் ப்ளூடூத்தில் சேர்த்தால் ஒரே ரேடியோவில் நாலு பேர் நெருக்குவார்கள், யாருக்காவது விட்டுப்போகும். நான் சொல்வது: ஒன்றோ இரண்டோ நல்ல வயர்லெஸ், மீதிக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் வரும் வயர் கன்ட்ரோலர். வயர் பிடிக்கிறவர்கள் பாயைப் போட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்காரட்டும். சின்னப் பிள்ளைகள் கையில் போகும் கன்ட்ரோலர் கீழே விழத்தான் செய்யும். அதற்கும் வயர் உள்ள மலிவானதே பொருத்தம்.

ஸ்டிக் தானாக நகர்கிறது. இதற்கும் வயருக்கும் சம்பந்தம் உண்டா?

துளியும் இல்லை. ஆனால் வயரா வயர்லெஸ்ஸா என்பதைவிட நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான்.

சாதாரண ஸ்டிக்கின் உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் என்ற சின்ன பாகம் இருக்கிறது. கார்பன் பூசிய தகட்டின் மேல் ஒரு உலோக நுனி உரசிக்கொண்டே போகும். உரச உரச கார்பன் தேயும், துகள் சேரும். ஒரு கட்டத்தில் கையை எடுத்த பிறகும் ஸ்டிக் நடுவுக்கு வந்ததாகப் பிசிக்குத் தெரியாது. இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறோம். ஆறாயிரம் கொடுத்து வாங்கும் டூயல்சென்ஸிலும், சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் இதே வகை ஸ்டிக்தான்.

ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசலே இல்லை. ஒரு காந்தம் நகர, அதன் புலம் மாறுவதை சென்சார் அளக்கிறது. எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த விளைவு இது. டிஎம்ஆர் என்று இப்போது வரும் ஸ்டிக்குகளும் காந்தத்தை வைத்து வேலை செய்பவைதான், இன்னும் நுணுக்கமாக அளக்கும், மின்சாரமும் குறைவாக எடுக்கும். கேம்சர், 8பிட்டூ போன்றவை பெரிய பிராண்டுகளைவிடக் குறைந்த விலையிலேயே இவற்றைத் தருகின்றன. ஒரே விலையில் சாதாரண ஸ்டிக்கோடு ஒரு வயர்லெஸ்ஸும், ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கோடு ஒரு வயர் கன்ட்ரோலரும் கிடைத்தால், யோசிக்காமல் வயரை எடுங்கள்.

ஏற்கெனவே ட்ரிஃப்ட் வந்துவிட்டதா? கேம் வாங்கும் ஸ்டீம் செயலியின் கன்ட்ரோலர் செட்டிங்கில் டெட்ஸோன் (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லை) அளவைக் கொஞ்சம் கூட்டினால் சில காலம் ஓட்டலாம்.

வியர்வை, கடற்காற்று இதெல்லாம் பாதிக்குமா?

பாதிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் வீட்டில் உலோகம் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ஏஏ பேட்டரி உட்காரும் ஸ்பிரிங், யூஎஸ்பி போர்ட்டின் பின்கள் இரண்டும் அப்படியே. ஒரு மாதம் ஆட மாட்டீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஆடி முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வைப்பது நல்லது. ரப்பர் பூச்சு உள்ள பிடி நம் ஈரப்பதத்தில் சில வருடத்தில் பிசுபிசுக்கத் தொடங்கும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் பிடியே இங்கே நீடித்து உழைக்கும்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை: வயர் மட்டும். இந்த விலையில் வயர்லெஸ் வாங்கினால் பேட்டரி, ரேடியோ, ஸ்டிக் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருப்பார்கள். லாஜிடெக் எஃப்310 பழைய மாடல், அதிர்வும் கிடையாது, ஆனால் உழைக்கும். அதன் பின்னால் எக்ஸ், டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். புதிய கேம்களுக்கு எக்ஸ் பக்கம் தள்ளி வையுங்கள். அது எக்ஸ்இன்புட், மற்றது பழைய டைரக்ட்இன்புட்.

இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் நாலாயிரம் வரை: டாங்கிள், வயர் இரண்டும் உள்ள ஹால் எஃபெக்ட் மாடல்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த இடமே போதும்.

அதற்கு மேல் எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ். கைக்கு அவை உட்காரும் விதம் தனிதான், அதை மறுக்க மாட்டேன்.

ரிச்சி தெருவில் வாங்கலாமா, ஆன்லைனிலா?

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வாங்குவதில் ஒரு பெரிய நன்மை, கையில் பிடித்துப் பார்க்கலாம். சின்னக் கை, பெரிய கை வித்தியாசம் ஆன்லைன் படத்தில் தெரியாது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் போங்கள். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். ‘பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்றால், வாரண்டியும் இல்லை என்று அர்த்தம்.

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலும் கன்ட்ரோலர் கிடைக்கும். சோனி, எக்ஸ்பாக்ஸ் பெயரில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருவது நிச்சயமாகப் போலி. பெட்டி, எழுத்து எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். விலைதான் காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸுக்குத் தெரிகிறது, கேமுக்குத் தெரியவில்லை. என்ன செய்ய?

கேம் எக்ஸ்இன்புட்டை எதிர்பார்க்கிறது, உங்கள் கன்ட்ரோலர் வேறு முறையில் பேசுகிறது. ஸ்டீமைத் திறந்து, செட்டிங்கில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டீம் இன்புட்டை இயக்குங்கள். ஸ்டீமில் வாங்காத கேமையும் ஸ்டீம் லைப்ரரியில் சேர்த்து அங்கிருந்து தொடங்கலாம்.

போட்டியில் ஆடப் போகிறேன், வயர்லெஸ் எடுத்துப் போகலாமா?

சண்டை கேம் போட்டி என்றால் வயரோடு போங்கள். முந்தைய ஆட்டக்காரரின் வயர்லெஸ் கன்ட்ரோலர் அந்த மெஷினோடு சேர்ந்தே இருந்து, அவர் பையில் கிடக்கும்போது பட்டன் அழுந்தி, நடுவே ஆட்டம் நின்றுபோவது நடக்கிற விஷயம். பல போட்டிகளில் ஆட்டத்தை நிறுத்தினால் அந்தச் சுற்றையே இழக்க நேரும். வயரிலும் மூன்று மீட்டர் நீளமுள்ளதை எடுத்துப்போங்கள்.

வாங்கி வந்ததும் என்ன சோதிக்க வேண்டும்?

விண்டோஸ் தேடலில் ‘செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்று தேடித் திறங்கள். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் புள்ளி நடுவில் நிற்க வேண்டும். வட்டமாகச் சுற்றினால் எல்லா ஓரத்தையும் தொட வேண்டும். ட்ரிகரை மெதுவாக அழுத்தினால் அளவு படிப்படியாக ஏற வேண்டும், சட்டென்று தாவக் கூடாது. வயரைச் செருகி, செருகிய இடத்தில் லேசாக அசைத்துப் பாருங்கள், இணைப்பு அறுந்து வரக் கூடாது. வயர்லெஸ் என்றால் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மாலை ஏழு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் வைஃபையில் இருக்கும்போது ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் 15 நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணையும், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். மாற்றித் தரும் காலம் முடியும் வரை பெட்டியையும் உள்ளிருந்த பிளாஸ்டிக் தட்டையும் பில்லையும் ஒன்றாக எடுத்து வையுங்கள்.